மாத்திரை யாருக்கு?

நண்பரின் அம்மாவுக்கு எண்பது வயது. அல்ஸைமர். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்று ஆரம்பிப்பார். ராத்திரி இரண்டு மணிவரை ஓயாது. நண்பர் போன வாரம் கேட்டார்: "கஞ்சாவிலேர்ந்து ஏதோ மாத்திரை இருக்காமே? குடுத்தா அடங்கிடுவாங்களாமே?"

நான் படித்தது பி.காம். இருந்தாலும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

கஞ்சாவில் போதை தருகிற டி.ஹெச்.சி.யை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் குழு பிரித்தெடுத்தது. அது போய் உட்கார மூளையில் நாற்காலி ஒன்று இருப்பது 1988-ல் அமெரிக்காவில் தெரிந்தது. எவனோ புகைக்கப்போகிறான் என்று உடம்பு நாற்காலி போட்டு வைக்குமா? அப்படியானால் உடம்பே தயாரிக்கிற சரக்கு ஒன்று இருக்கவேண்டும். 1992-ல் மெஷூலம் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து அதைப் பிடித்தார்கள். வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. ஆமாம், நம்ம ஆனந்தம்தான்! வேலை என்னவோ குமாஸ்தா வேலை. செய்தி வாங்கும் நரம்பணு, அனுப்பும் அணுவிடம் "போதும்ப்பா, குறைச்சுக்கோ" என்று திருப்பிச் சொல்ல உதவுவது.

ஹன்டிங்டன் நோயில் இந்த நாற்காலிகள் சீக்கிரமே குறைகின்றன. அல்ஸைமரில் வேறொரு வகை நாற்காலி, மூளையின் காவல் செல்களில் கூடுகிறது. அதனால் நம்பிக்கை பிறந்தது. எலிகளிடம் நல்ல சேதி. மனிதர்களில், நோயை நிறுத்துவதாக நிரூபணமான கன்னாபினாய்டு மருந்து இன்றுவரை இல்லை.

அடக்குவது வேறு விஷயம். 2019-ல் வெளியான டொரண்டோ ஆய்வில், நாபிலோன் என்ற செயற்கைச் சரக்கையும் வெறும் மாத்திரையையும் சுமார் 40 அல்ஸைமர் நோயாளிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஆர்ப்பாட்டம் குறைந்தது. கூடவே தூக்கக் கலக்கம்: மருந்தில் 45 சதவீதம் பேருக்கு, வெறும் மாத்திரையில் 16.

இந்த லாபத்தை யார் பேரில் வரவு வைப்பீர்கள்? விழுங்குவது அம்மா. சம்மதம் சொல்வதும் தூங்கப்போவதும் பிள்ளை. அந்தக் கூச்சலில் மூட்டு வலி இருக்கலாம், மூத்திரம் முட்டியிருக்கலாம். சொல்ல அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பாஷைதான். நின்றது வலியா, புகாரா?

அதற்காக, பயந்து நடுங்குகிறவரை அப்படியே விடுவதும் கொடுமை. தூங்காத பிள்ளை எத்தனை நாள் பொறுமையாக இருப்பான்? தர்மம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட நான் விழித்திருந்ததில்லை.

முதலில் வலி இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சொல்றேன். ஆனா மாத்திரை எனக்காகத்தான்னு தெரிஞ்சேதான் சார் கேட்டேன்."