திரும்பச் சொல்வது யார்?

போன மாதம் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே அடுத்த பயணத்தைப் பேசினோம். எங்க பசங்களுக்கு ஆசை பெரிது: அர்ஜென்டினாவின் அகோன்காகுவா, 6,961 மீட்டர். வழக்கமான பாதையில் கயிறு பிடித்து ஏறும் வேலை அதிகம் இல்லை. அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு வழிகாட்டி இல்லாமலும் பலர் போகிறார்கள். அதனால்தான் சண்டையே வந்தது.

"கைடு வச்சு ஏறினா அது நாம ஏறினதா?" என்றான் ஒருத்தன். "காசு கட்டிட்டா எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க, எதுக்குத் தலைவலி?" என்றான் இன்னொருத்தன். எங்க கூட்டத்தில் ஒரு தங்கச்சி மட்டும் ஒன்றும் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

கினாபாலுவில் நாங்க ஐந்து பேர், வழிகாட்டி ஒருவர். விடியுமுன் சாயாட் சாயாட் சாவடிக்குப் பக்கத்தில் அவளுக்கு வாந்தி, தலைச்சுற்றல். வழிகாட்டி எல்லோரையும் திரும்பச் சொன்னார். "இவ்வளவு வெள்ளி கட்டி வந்தது இதுக்கா?" என்று நான் முணுமுணுத்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது. வழிகாட்டி காதிலும்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தனியாகப் போகணும் என்கிறவன் மீது எனக்குக் கோபமில்லை. 1997 மே 23ல் மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், வீரம் வரத்தான் செய்யும். ஆனால் "என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சு மலையில் எடுபடாது. 5,500 மீட்டரில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். மூளை வீங்க ஆரம்பித்தவனை ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவான். "எப்படி இருக்கே?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பான். திரும்பலாம் என்று முடிவு எடுக்க வேண்டிய மூளைதான் அங்கே முதலில் கெடுகிறது. அகோன்காகுவா அடிவார முகாமில் டாக்டர்கள் இரத்தத்தின் ஆக்ஸிஜனைச் சோதிப்பது இதனால்தான். அப்படியென்றால், தனியாகப் போகிறவன் தன்னை யாரிடம் ஒப்படைத்திருக்கிறான்? பெயர் தெரியாத யாரோ ஒருவரிடம்தானே?

2023 மே மாதம் எவரெஸ்டில் 8,000 மீட்டருக்கு மேலே நம் நாட்டு மலையேறி ஒருவர் நகர முடியாமல் கிடந்தார். கெல்ஜே ஷெர்பா அப்போது வேறொருவரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் பேசி உச்சியைக் கைவிடச் செய்து, கிடந்தவரைப் பாயில் சுற்றி முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் கீழே கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆனது.

ஷெர்பாவை எல்லோரும் பாராட்டினார்கள். நான் நினைப்பது அந்த இன்னொருவரை. பெரும் பணம் கட்டி, உச்சி பக்கத்தில் தெரியும்போது திரும்பியவர். "நான் கட்டின காசு எனக்குத்தான்" என்று அவர் சொல்லியிருந்தால் எந்த ஒப்பந்தம் அவரைத் தடுத்திருக்கும்? கினாபாலுவில் 3,668 மீட்டரிலேயே என் வாய் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும்.

கட்டணம் கட்டினால் வழிகாட்டியின் உழைப்பும் அனுபவமும் கிடைக்கும். மனசாட்சியை அவர் தோளில் ஏற்றி அனுப்ப முடியாது. திட்டம் போடும்போதே இதையெல்லாம் கேட்கணும்: சுமை தூக்குகிறவருக்குக் காப்புறுதி உண்டா? எத்தனை கிலோ தூக்க வைக்கிறார்கள்? விலையைப் பேசிக் குறைக்கிறோமே, அது யார் கூலியில் குறைகிறது? (நம்ம ஆளுங்க பேரம் பேசுறதில் கெட்டிக்காரங்க, அதனால் சொல்கிறேன்.)

நான் வழிகாட்டியோடு போகலாம் என்ற பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒன்று எழுதினேன்: ஐந்து பேரில் யார் திரும்பணும் என்று சொன்னாலும், யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டாச்சு.

அந்தத் தங்கச்சியிடம் புத்தகத்தை நீட்டியபோது, "முதல்ல அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுங்கண்ணா" என்றாள். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.