வலியறியாத கை



வலியைச் சாபமென்றே நாம் எண்ணுகிறோம். பல்வலி வந்தால் இரவெல்லாம் புலம்புகிறோம். முள் தைத்தால் முகம் சுளிக்கிறோம். வலியே இல்லாத சரீரம் கிடைத்தால் எத்தனை பாக்கியம் என்று நினைக்காதவர் யார்? ஆனால் கையும் காலும் வலியறியாதவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டை அறிந்தால், வலி என்பது சர்வேசுரன் நமக்கு வைத்த காவற்காரன் என்பது விளங்கும்.

ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறாகிய இன்று உலகத் தொழுநோய் தினம். பிரான்சு தேசத்துக் கத்தோலிக்கரான ரவூல் ஃபொல்லெரோ என்பவர் 1954-ல் இதைத் தொடங்கி வைத்தார். ஆகையால் இன்று இதைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நம் காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்காரும் நெசவாளியைப் பாருங்கள். பாவில் ஓர் இழை தளர்ந்தால் அவர் விரல் அதை உடனே அறிகிறது. கால் தானாகவே மிதியை மிதிக்கிறது. இது எப்படி நடக்கிறது? விரல் நுனியிலிருந்து மூளை வரை நரம்புகள் பட்டிழை போல ஓடுகின்றன. சூடு, குளிர், வலி என்னும் செய்திகள் அவற்றின் வழியே மூளைக்குப் போகின்றன. பிடி, விடு, மிதி என்னும் கட்டளைகள் அங்கிருந்து தசைகளுக்கு வருகின்றன. இடையில் நரம்பு கெட்டுப்போனால், மூளை நன்றாயிருந்தும் விரலின் கூக்குரல் அதற்கு எட்டாது.

தொழுநோய் செய்வது இதைத்தான். அதன் கிருமியை 1873-ல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். சரீரத்தில் குளிர்ந்த இடங்களையே அது நாடும். ஆகையால் தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கை நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். முழங்கால் பக்கத்து நரம்பு கெட்டால் பாதம் தொங்கிப்போகும். முகத்து நரம்பு கெட்டால் கண் இமை மூடாது. இவற்றிலும் கொடியது உணர்ச்சியற்றுப் போவது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் கை விலகாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் கால் அறியாது. புண் சீழ்பிடித்தாலும் மனிதன் அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பான்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். 1947-ல் அவர் நமக்கு அடுத்துள்ள செங்கல்பட்டில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்தார். அந்தப் பிடி தாங்கமுடியாத அளவு பலமாயிருந்தது. கை செத்துவிடவில்லை, நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன என்று அவர் கண்டுகொண்டார். பிற்பாடு, உயிருள்ள தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். விரல்கள் தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், உணராமல் பட்ட காயங்களும் அவற்றில் சேர்ந்த சீழுமே என்றும் எடுத்துக்காட்டினார்.

மொலோக்காய் தீவின் அப்போஸ்தலரான அர்ச். தமியானை நீங்கள் அறிவீர்கள். 1873 முதல் அத்தீவின் நோயாளிகளோடு வாழ்ந்தவர் அவர். 1884-ல் ஒருநாள் கொதிநீரில் தம் பாதத்தை வைத்தார். தோல் வெந்தது, வலி தெரியவில்லை. தமக்கும் அந்நோய் வந்ததென்று அப்போது அறிந்தார். 1889-ல் அங்கேயே மரித்தார். 2009-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று அறிவித்தது.

கிறிஸ்தவர்களே, இப்போது நம்மைப் பார்ப்போம். நாமெல்லாரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள், ஒன்று நோகும்போது மற்றவையும் நோகவேண்டும் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்குப் போதித்தார். நம் பங்கில் ஒரு வீட்டில் தோலில் தேமல் கண்ட பெண்ணொருத்தி இருந்தால், அவள் வீட்டார் என்ன செய்வார்கள்? வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகுமே என்று மறைப்பார்கள். யாருக்குப் பயந்து? நமக்குப் பயந்துதான்! நம் வாய்க்கும் நம் பார்வைக்கும் பயந்து மறைத்த மாதங்களில் அவள் நரம்பு சாகிறது. அப்படியானால் உணர்ச்சியற்றுப் போனது அவள் கை மட்டுமா?

இந்நோய் பரம்பரையாக வருவதன்று. எளிதில் தொற்றுவதுமன்று, பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் சக்தி பெரிதும் அற்றுப்போகிறது. நோயின் வகைக்குத் தக்கபடி 6 மாதமோ 12 மாதமோ மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1955-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட தொழுநோய் நிலையமும் உண்டு. 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் ரத்தாயிற்று. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியும் 2019-ல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சட்டமே மனமிரங்கியிருக்க, நாம் கல்நெஞ்சராயிருக்கலாமா?

ஆகையால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தோலையும் பாருங்கள். வெளுத்தோ சிவந்தோ தேமல் இருந்து, அதில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால், அது வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வலிக்காததே அபாயம்! உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். புதிதாய்த் தளர்ந்த நரம்பைப் பெரும்பாலும் மீட்கலாம். நெடுநாள் செத்துக்கிடந்தது திரும்புவது அரிது. சர்க்கரை வியாதியும் பாதத்து நரம்பைக் கெடுக்குமாகையால், அவ்வியாதியுள்ளவர்கள் தினமும் இரவில் தங்கள் பாதங்களைப் பார்த்துவிட்டே படுக்கவேண்டும்.

இரண்டாவது, இந்நோய் கண்டவரையும் கண்டு குணமானவரையும் தேடிப்போய், அவர் கையைப் பிடித்துப் பேசுங்கள். சேசுநாதர் சுவாமி குஷ்டரோகியை ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். ஆனாலும் முதலில் கையை நீட்டி அவனைத் தொட்டார். எத்தனை வருஷமாக யாரும் தொடாதிருந்த சரீரமோ அது! அந்த மனிதனுக்கு வேண்டியது இன்னதென்று நம் ஆண்டவர் அறிந்திருந்தார்.

பிறர் வேதனையை உணரும் இருதயத்தை அவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.