வேறு வழியில் வந்த ஆசிரியர்

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒருவரை எப்போது ஆசிரியர் என்று ஒப்புக்கொள்வது? பட்டயம், தகுதித் தேர்வு, நியமன ஆணை என்று அரசு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசைக்குள் வராமலே பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மிடையே எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி, தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு மிகப் பழையது.

1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியவர். ஆகவே அந்தந்த ஊர்க்காரர்களையே கணக்கப்பிள்ளைகளாக அமர்த்தி, பிள்ளைகளுக்குச் செபமும் மறைக்கல்வியும் சொல்லித்தரச் செய்தார். அவர்களுக்குக் கூலி வேண்டுமே! போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை அதற்காகக் கேட்டுப் பெற்றார். கற்பிக்க ஊரை அறிந்தவர் வேண்டும், அவருக்கு உரிய கூலியும் வேண்டும் என்ற இரண்டும் அன்றே தெரிந்திருந்தன.

நம் காலத்திலும் ஊரை அறிந்தவர்கள் பாடம் சொல்ல வந்தார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், பட்டதாரிகள் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பாடம் நடத்தினார்கள். பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று 2022-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

ஆசிரியர் சான்றிதழ் கேட்கப்படாத கைகள் செய்த வேலை இது. ஆனால் அந்த வேலையைப் படிக்கட்டாக வைத்து ஆசிரியர் பணிக்கு ஏற அவர்களுக்கு வழி இல்லை. கடற்கரை ஊர்களான பெரியதாழையிலோ மணப்பாட்டிலோ வீட்டுத் திண்ணையில் வகுப்பு எடுத்த ஒரு தாய் ஆசிரியராக விரும்பினால், முழுநேரமாக இரண்டாண்டுப் பட்டயம் படிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனம், கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கோவில்பட்டிப் பக்கம் வானரமுட்டியில் இருக்கிறது. கைக்குழந்தையும் கடலுக்குப் போகும் கணவனும் உள்ளவருக்கு அது எட்டுமா?

வேறு வழி திறப்பது நமக்குப் புதிதும் அல்ல. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழறிஞர் மு.வரதராசன், தனியே படித்து 1935-இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்று, திருப்பத்தூரில் தமிழாசிரியர் ஆனார். எங்கே படித்தாய் என்று கேட்காமல், என்ன தெரியும் என்று கேட்ட தேர்வு அது. 2017-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறாமல் பணியில் இருந்த தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் 2019 மார்ச்சுக்குள் தகுதி பெறவும் வழி செய்யப்பட்டது. அதற்கான, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பதினெட்டு மாதப் பட்டயப் படிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பின்னர், புதிய நியமனத்துக்கு அந்தப் பதினெட்டு மாதப் படிப்பு இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது.

அந்தக் கண்டிப்பின் பின்னால் இருக்கும் அக்கறையைத் தள்ளிவிட முடியாது. குறுக்குவழி திறந்தால் அதில் வருபவர்கள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள்? வசதியுள்ளவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அல்ல; திரேஸ்புரம், புன்னைக்காயல் போன்ற மீனவர் பகுதிகளுக்குத்தான். குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் தந்திரமாக மாற்றுவழி ஆகிவிட்டால், அதன் விலையை ஏழைப் பிள்ளை கொடுக்கும். ஆகவே வழி வேறாகலாம். வாசற்படியின் உயரம் குறையக் கூடாது.

அந்த உயரத்தை எதைக்கொண்டு அளப்பது?  முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இந்தக் கடலில் எடுத்த முத்துகளை முதலில் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அது பாதி வேலை. பிறகு மதிப்பறிந்தவர் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, உருட்சியும் ஒளியும் கண்டு ஆணிமுத்தைத் தனியே எடுப்பார். 150 கொள்குறி வினாக்கள் கொண்ட நம் ஆசிரியர் தகுதித் தேர்வு சல்லடையின் வேலையைச் செய்கிறது. சல்லடை வேண்டும். கண்ணும் வேண்டும்.

மீன்பாடு இல்லாத வாரத்தில் பிள்ளை ஏன் வாடி வருகிறது என்று அறிந்திருப்பதும், ஏலத்தில் கேட்ட விலையை வைத்தே கழித்தல் சொல்லித்தருவதும், கேட்ட கேள்விக்குப் பிள்ளை சொன்ன தவறான பதிலில் அது எங்கே வழி மாறியது என்று பிடித்துக்கொள்வதும் எந்த விடைத்தாளிலும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆசிரியர் வேலைக்கு வகுப்பறைச் செயல்விளக்கமும் வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

படித்த கல்லூரி, எழுதிய தேர்வு எல்லாம் ஆசிரியராக வரப்போகிறவரைப் பற்றிய நம்பிக்கைகள். அவர் முன்னே அமர்ந்த பிள்ளை எவ்வளவு தூரம் முன்னேறியது என்பதே கடைசிச் சான்று. அந்தச் சான்றை ஏற்கெனவே ஈட்டியவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவது, அவர்களுக்கும் அநீதி, பிள்ளைகளுக்கும் நட்டம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. பாடம் நடத்திய ஆண்டுகளைப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுக்கட்டும். பக்கத்துப் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், உரிய ஊதியத்தோடு, கடற்கரை ஊர்களிலேயே மீதிப் பயிற்சியைத் தரட்டும். முடிவில் எல்லோருக்கும் உள்ள அதே தேர்வையும், அதோடு வகுப்பறைச் சோதனையையும் வைக்கட்டும். தேறுபவருக்கு முழு ஆசிரியர் பணி. தேறாதவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. நம் பிள்ளைகளைத் தேடி அவர்கள் வந்தார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டியது இனி நம் கடமை.