தேடி ஏற்கும் துன்பம்

துன்பத்தை விரும்பி ஏற்பது அறமா, ஆரவாரமா என்னும் வினா புதியதன்று. திருக்குறளில் ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமாக இடுக்கண் அழியாமை நிற்கிறது. முயல்பவனுக்கு இடுக்கண் வரும், வந்தால் கலங்க வேண்டா என்பதே அந்த வரிசையின் குறிப்பு என நாம் கொள்கிறோம். ஆயின் அங்கே இடுக்கண் என்பது முயற்சியின் வழியில் குறுக்கிடுவது. மனிதன் தேடிச் சென்று அழைத்து வருவதன்று. இடுக்கணையே நாடிப் பொழுது விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றவனை என்னென்று சொல்வது?

இவ்வினாவை ஏட்டிலிருந்து நாம் எடுக்கவில்லை. நம் இல்லத்திலேயே அது கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அண்ணன் மகன் ஒரு மலைமிதிவண்டி வாங்கியிருக்கிறான். தடித்த டயர், முன்புறம் அதிர்வு தாங்கி, எண்ணி முடியாத பற்சக்கரங்கள். காட்டு வழியிலும் மலைத் தடத்திலும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் நெடுந்தொலைப் போட்டி ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் பயிற்சி செய்கிறான். வண்டியின் விலையைக் கேட்ட அன்று, நடுவண் அரசு எழுத்தராகிய நாம் அதை நம் மாதச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தோம். வந்த விடையை இங்கே எழுதுவதற்கில்லை.

இந்த விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பயஸ் மலைச் சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய தடித்த மிதிவண்டிகளில் உருண்டிறங்கத் தொடங்கியது முதற்படி. 1996-இல் அட்லாண்டாவில் அது ஒலிம்பிக் பந்தயமாகவே ஆயிற்று. நம் நாட்டில் 2005-இல் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிய ‘எம்.டி.பி. இமாலயா’ என்னும் பல நாள் போட்டி பலருக்கு ஆசை மூட்டியது. பெங்களூர்க்காரர்க்கு அருகிலுள்ள உரைகல் நந்தி மலை. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தியின் உச்சி 1,478 மீட்டர். வளைந்து வளைந்து ஏறும் அந்தத் தார்ச்சாலையில் நிற்காமல் உச்சி சேர்ந்தவன் எவனும் திங்களன்று அலுவலகத்தில் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

எதிர்வீட்டு அம்மையார் ஒருநாள் அவனை நிறுத்திக் கேட்டார்: “எங்க வீட்டுக்காரரு இருபது வருஷம் சைக்கிள் மிதிச்சாரு, பஸ்ஸுக்குக் காசு இல்லாம. நீ எதுக்குப்பா மிதிக்கிற?”

அவன் சிரித்து மழுப்பிவிட்டான். நம்மால் அவ்வளவு எளிதில் அதைக் கடந்து செல்ல இயலவில்லை. அல்சூரிலும் சீராமபுரத்திலும் குடியேறிய நம் தந்தையர் தலைமுறைக்கு மிதிவண்டி ஒரு வயிற்றுக் கருவி. விடியற்காலை முறை வேலைக்கு ஆலை நோக்கிச் சென்ற மிதிவண்டி வரிசையைக் கண்டவர் இம்மலரின் வாசகருள் பலர் இருப்பர். அவர்கள் மிதித்த தொலைவை ஆண்டுக் கணக்கில் கூட்டினால் எந்தப் போட்டியையும் விஞ்சும். அவர்களுக்கு ஒருவரும் பதக்கம் அணிவிக்கவில்லை. அப்படியிருக்க, வயிறு நிறைந்த பிள்ளை அதே உழைப்பை விளையாட்டாகச் செய்து அதற்கு வீரம் என்று பெயரிடுவது, பட்டினி கிடந்தவன் முன்னே நோன்பின் பெருமை பேசுவது போலன்றோ?

இவ்வெதிர்வாதம் வலியது. இதற்கு விடை தேடியபோது, பயிற்சி என்பது உள்ளபடி என்ன என்று பார்க்க நேர்ந்தது. வெறுமனே உடலை வருத்துவது பயிற்சி என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது அப்படியன்று. ஒவ்வொரு வாரமும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். முன் வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டலாகாது என்பது பயிற்சியாளர் பலர் சொல்லும் கணக்கு. தசையிலும் ஈரலிலும் சேமிப்பில் இருக்கும் சர்க்கரை, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தால் கண் இருளும், கால் கனக்கும், மனமும் சோரும். ஆகவே பசி தோன்றும் முன்பே, மணிக்கு அறுபது கிராம் அளவிலாவது மாவுச்சத்து உண்டுகொண்டே செல்ல வேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் அவன் சட்டையின் முதுகுப் பைக்குள் ஏறியதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. உண்பதற்கும் பழக வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஓய்வு. கடும் உழைப்பில் தசை நார்கள் நுண்ணிதாகச் சிதைகின்றன. அவை பழுது நீங்கி முன்னினும் வலிமை பெறுவது உழைக்கும்போது அன்று. உண்டு உறங்கிக் கிடக்கும்போது. ஓய்வில்லாத உழைப்பு உடலைக் கட்டுவதில்லை, தேய்க்கிறது. போட்டிக்கு முந்திய வாரத்தில் பயிற்சியைப் பெரிதும் குறைத்துவிடுவதும் இதனால்தான்.

நந்தி ஏறி வந்த மறுநாள், திங்கட்கிழமை, அவன் பாயில் சாய்ந்து கிடந்தான். ஆலைத் தொழிலாளியாக முப்பது ஆண்டு உழைத்த அவனுடைய தாத்தா, “ஏன்டா, நேத்து அந்த ஓட்டம் ஓடினே, இன்னிக்கு என்ன சோம்பல்?” என்றார். “சோம்பல் இல்ல தாத்தா. இன்னிக்குச் சும்மா இருந்தாத்தான் நேத்து ஏறினது உடம்புல ஒட்டும்” என்று விளக்கினான் பேரன். முதியவர் வீங்கிய முழங்காலைத் தடவியபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. பார்க்கணும்டா. அந்தச் சும்மா இருக்குற நாள் மட்டும் கிடைக்கல” என்றார்.

அச்சொல் நம் எண்ணத்தையே திருப்பிவிட்டது. நாம் பட்ட பாடே நம்மை மனிதராக்கிற்று என்று குடியேறிய குடும்பத்தவராகிய நாம் பிள்ளைகளிடம் ஓயாது கூறுகிறோம். அது உண்மையா? கோலார் தங்கவயலை நினைத்துப் பார்ப்போம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர் அங்கே தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினர். பாறையின் வெப்பத்தில் உழைத்துக் கல்தூளைச் சுவாசித்தவருள் எத்தனையோ பேரைச் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் தின்றது. அவர்கள் துன்பம் கடலளவு. துன்பம் மட்டுமே வலிமை தரும் என்றால் உலகிலேயே வலிய மார்பு அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். அவர்களிடம் நாம் கண்ட பெருமை, ஒருவருக்கொருவர் காட்டிய பரிவு, படிப்பகம், சங்கம், நாடகம் எல்லாம் துன்பம் தந்தவையல்ல. துன்பத்தையும் மீறி அவர்கள் காத்துக்கொண்டவை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, வருத்தியவனுக்கு நன்றி கூறுவதாகும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு சுரங்க ஊர் இருக்கிறது. பத்தாயிரம் அடி உயரத்தில் அமைந்தது. 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்த க்ளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம் நின்றுபோக, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவருள் ஒருவரான கென் க்ளௌபர் என்னும் சுரங்கத் தொழிலாளி, ஊரை வாழ வைக்க 1983-இல் நூறு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். 1994-இல் அதே நூறு மைலுக்கு மலைமிதிவண்டிப் போட்டியும் சேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்க்கு இடைவாரில் பூட்டும் கொக்கி பரிசு. கூலிக்காகத் துன்புற்ற ஊர், காசு கொடுத்துத் துன்புற வருவோரால் பிழைக்கிறது! நம் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் அதிகாலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகின்றனர். நந்தியை நோக்கி விளக்கு மாட்டிய மிதிவண்டிகள் புறப்படும் இருட்டும், மாரிக்குப்பம் நிலையத்தில் சோற்றுப் பாத்திரத்தோடு ஆள்கள் காத்து நிற்கும் இருட்டும் ஒன்றே.

அப்படியாயின் தேடி ஏற்கும் துன்பம் வீண் ஆரவாரம்தானா? அல்ல என்றே நாம் எண்ணுகிறோம். சுமத்தப்பட்ட சுமையை ஒருவன் கீழே வைக்க இயலாது. ஆகவே அதைத் தாங்குவதால் மட்டும் அவன் உள்ளம் இன்னதென்று தெரிந்துவிடாது. ஏற்ற சுமையை எந்த நொடியிலும் இறக்கி வைக்கலாம். யாரும் வையார். துறஹள்ளிக் காட்டோரத்தில் தனியே மிதிக்கும் இளைஞன் இரண்டு சுற்றோடு திரும்பி வந்து ஐந்து சுற்று என்று குறித்துக்கொண்டால் கேட்பவர் இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குச் செல்லும் வித்தை நம் அலுவலகங்களில் அறியாததன்று; மலையில் அது செல்லாது. தன் அளவு இது, இதற்கு மேல் இல்லை என்பதை ஒருவன் தனக்குத்தானே பொய்யின்றிச் சொல்லப் பழகும் இடங்கள் இவ்வுலகில் குறைவு. அவற்றுள் இது ஒன்று.

ஆனால் மலையில் பெற்ற உறுதி நோய்ப்படுக்கையிலும் வறுமையிலும் தானே வந்து துணை நிற்கும் என்று சிலர் கூறுவதை நாம் ஒப்புக்கொள்ளோம். நூறு கிலோமீட்டர் மிதித்தவன் ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் பொறுமையிழந்து நின்றதை நாமே கண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தேடி ஏற்கும் துன்பம் தேடியவனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அவன் நான்கு மணிக்கு எழ, அண்ணியார் மூன்றரைக்கு எழுந்து ராகிக் கஞ்சி காய்ச்சுகிறார். தருமபுரியில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அவன் வரவில்லை. அன்று எழுபது கிலோமீட்டர் நாள். அவன் ஏற்றது அவனுடைய துன்பம். அண்ணியாருடையது யார் ஏற்றது? இதை அவனிடம் நேரே கேட்டோம். அவன் விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் கஞ்சியை இரவிலேயே தானே காய்ச்சி வைத்துக்கொள்கிறான். சற்றுக் கட்டி தட்டிப் போகிறதாம்.

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெறும் கேப் எபிக் என்னும் எட்டு நாள் மலைமிதிவண்டிப் போட்டியில் ஒருவர் தனியே ஓட்ட முடியாது. இருவர் இருவராகவே சேர வேண்டும். இணையர் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள்ளேயே செல்லவேண்டும், மீறினால் தண்டம். வலியவன் முன்னே பறந்து பயனில்லை. மெலிந்தவனுடைய மூச்சுக்கு ஏற்பத் தன் காலை அடக்க வேண்டும். இது மேடேறுவதைவிடக் கடினம் என்று ஓட்டியோர் கூறுவர். இதனை நாம் படித்துச் சொன்னபோது அண்ணன் மகன் ஆர்வத்தோடு கேட்டான். அவன் செல்லவிருக்கும் போட்டிக்கு அவ்விதி இல்லை. ஆயினும் அவனோடு பதிவு செய்துள்ள தோழன் ஒருவன் ஏற்றத்தில் பின்தங்குபவன். வரும் மூன்று ஞாயிறும் அந்தத் தோழனின் வேகத்திலேயே நந்தி ஏறப் போவதாகச் சொல்லியிருக்கிறான். தாத்தாவுக்கு அது பிடிபடவில்லை. “அப்புறம் உனக்கு எப்படிடா பயிற்சி ஆகும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.