யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், பாவம் செய்தவர் இவரா, இவரைப் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டனர். யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டையுமே மறுக்கிறார். ஆயினும் அக்கேள்வி நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் தாய் தன்னையும் தன் குலத்தையுமே குற்றக்கூண்டில் நிறுத்துகிறாள்.

அறிவியல் இங்கே அத்தாய்க்குத் துணை நிற்கிறது. 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், நாட்பட்ட ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் உயிரணுக்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் உடைந்து தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். இரத்தப் புற்றுநோய்களில் காணப்படும் இத்தகைய மாற்றங்களுள் பெரும்பாலானவை மரபுவழி வருபவை அல்ல. எலும்பு மஜ்ஜையின் ஓர் உயிரணுவில் புதிதாக நேர்பவை.

அப்படியாயின், எவருக்குமே பொறுப்பில்லையா? குரோமோசோம் ஏன் உடைந்தது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. எனினும் கதிர்வீச்சும் பென்சீனும் அதனை உடைக்க வல்லவை என்பதை அறிவோம். இஸ்தான்புல் நகரின் காலணிப் பட்டறைகளில், காற்றோட்டமற்ற சிற்றறைகளில், பென்சீன் கலந்த பசையைக் கொண்டு வேலை செய்தனர். அங்கே 28,500 தொழிலாளருள் 26 பேருக்குக் கடும் இரத்தப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ கண்டதாக முசாபர் அக்சோய் என்னும் மருத்துவர் 1974-இல் அறிவித்தார். இது பொதுமக்களிடையே காணப்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

எஞ்சியோரும் அதே பசையைத்தானே முகர்ந்தனர் என்று பட்டறை உரிமையாளர் வாதிடலாம். உடைந்த குரோமோசோமில் உடைத்தவரின் கையொப்பம் இருப்பதில்லை. குறிப்பிட்ட ஒருவரின் நோய் பசையால்தான் வந்ததென உறுதியாகக் கூற இயலாது. ஆனால் கூட்டத்தின் மீது கல்லெறிபவன், அது எவர் தலையில் விழும் என அறியாததால் குற்றமற்றவன் ஆவானோ?

நாகசாகி நகரின் கத்தோலிக்க மருத்துவர் தகாஷி நாகாய், போர்க்காலத்தில் படச்சுருள் தட்டுப்பாடு நிலவியதால், எக்ஸ்-கதிர்த் திரையை நேரடியாகப் பார்த்தே காசநோயாளரைச் சோதித்தார். அணுகுண்டு விழுவதற்கு இரு மாதங்களுக்கு முன், 1945 ஜூனில், அவருக்கு இரத்தப் புற்றுநோய் உறுதியாயிற்று, 1951-இல் இறந்தார். கதிர்களின் தன்மையை அறிந்தே அவர் அவற்றின்முன் நின்றார். பிறருக்காகத் தானே ஏற்றதால் அது தியாகம். பசையின் தன்மையை அறியாது கூலிக்கு உழைத்தவர்மீது சுமத்தப்பட்ட அதே ஆபத்தைத் தியாகம் என்போமானால், அச்சொல்லையே கொச்சைப்படுத்துகிறோம்.

துன்புறுவோர்மேல் பழி சுமத்த மறுத்த இயேசு, அத்தோடு நின்றுவிடவில்லை. குனிந்து, மண்ணைக் குழைத்து, அவருக்குப் பார்வை அளித்தார். பழி யாருடையது என்ற வழக்குத் தீரும்வரை பணி காத்திருக்கலாகாது. பசையை மாற்றலாம், சாளரத்தைத் திறக்கலாம், தொழிலாளியிடம் உண்மையைச் சொல்லலாம். இவற்றுக்கு முழு நிரூபணம் தேவையில்லை. அறிந்த அளவே போதும்.