கதவைத் திறந்தால் எரியும் விளக்கு

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையான மாந்தை, முருங்கன் பக்கங்களிலும் வீட்டு வழிபாட்டுக்குரிய இடம் பல வேளைகளில் ஓர் அலுமாரிதான். சைவ வீட்டில் அது சுவாமிப் படங்கள் அடுக்கிய தட்டு. கத்தோலிக்க வீட்டில் மாதாவினதோ அந்தோனியாரினதோ சுருவம் நிற்கும் கண்ணாடிக் கூடு. கடற்காற்றோடு வரும் மணலும் உப்பும் உள்ளே ஏறாமல் காப்பது அதன் கதவு. உள்ளே இருட்டாக இருப்பதற்குக் காரணமும் அதே கதவு. உடுப்பு அலுமாரிக்கென விற்கப்படும் எல்.ஈ.டி. பட்டி இத்தகைய கூடுகளுக்குள்ளும் ஒட்டப்படுவது அதனால்தான். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், ஏற்றுவதற்குக் கையும் வேண்டாம். கை வேண்டாம் என்னும் இடத்தில் ஒரு சமயக் கேள்வி எழுகிறது. யாரும் ஏற்றாமல் எரியும் ஒளி வழிபாடாகுமா? ஆகுமென்றால் அதன் பயன் யாரைச் சேரும்?

முதலில் கருவி. இந்தப் பட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகையில் இயங்குகின்றன. ஒன்று கதவோரத்தில் ஒட்டும் காந்தம். கதவு சட்டத்தை விட்டு விலகியதும் காந்தத்தின் பிடி தளர்கிறது. எதிரே இருக்கும் சிறு ஆளி நிலை மாறிப் பட்டிக்கு 12 வோல்ட் மின்சாரத்தை விடுகிறது. மற்றது அசைவை அறியும் சென்சர். மனித உடலின் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக எந்நேரமும் வெளிப்பட்டுக்கொண்டிருக்கிறது. சென்சரின் வெள்ளை வில்லைக்குப் பின்னால் உள்ள உணர்தகடு, அந்தக் கதிர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைக் கண்டு விளக்கை எரிக்கிறது. நகர்வு மட்டுமே அதற்குத் தெரியும்; ஆள் இருப்பது தெரியாது. ஒருவர் கண்ணை மூடி அசையாமல் நின்றால், குறித்த நேரம் கழிந்ததும் விளக்கு அணைந்துவிடும். மன்னாரின் வெயில் நாட்களில் சுவரின் சூடு உடற்சூட்டை நெருங்கும்போது, ஆளையும் சுவரையும் பிரித்தறியவே அது தடுமாறும். மனம் ஒடுங்கி உடல் அசைவற்று நிற்பதை வழிபாட்டின் உயர்நிலையாகப் பல சமயங்கள் போற்றுகின்றன. அந்த நிலையில் நிற்பவரையே இந்தக் கருவி இல்லாதவராகக் கொள்கிறது. சுவாமிக் கூட்டுக்கு விளக்குப் பொருத்துவதென்றால் காந்த ஆளியே தகும்.

எந்த வகையானாலும் பட்டியின் இயல்பு ஒன்றுதான்: மனிதர் வந்தால் எரியும், போனால் அணையும். தேவாலயத்தின் அணையா விளக்கு இதற்கு நேர் எதிரானது. நற்கருணைப் பேழைக்கு முன்னால் சிறப்பான ஒரு விளக்கு இடைவிடாது எரிய வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 940ஆம் விதி. நள்ளிரவில் கோயில் பூட்டிக் கிடக்கும்போதும் அது எரிகிறது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. பார்ப்பதற்காக அது வைக்கப்படவும் இல்லை. பேழையிலுள்ள நற்கருணையில் கிறிஸ்துவின் இருப்பை அறிவிக்கவும், அவருக்கு மதிப்புச் செய்யவுமே அது எரிகிறது. பெரிய வியாழன் மாலை நற்கருணை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பேழை வெறுமையானதும் அந்த விளக்கும் அணைக்கப்படும். ஆக, இதுவும் இருப்பைக் காட்டும் விளக்குத்தான். யாருடைய இருப்பை என்பதில்தான் வேறுபாடு, அந்த வேறுபாடு மிகப் பெரியது.

அது எதனால் எரிய வேண்டும் என்பதிலும் திருச்சபை நெடுங்காலம் கண்டிப்பாக இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஒலிவ எண்ணெயையோ தேன்மெழுகையோ கேட்டது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு எண்ணெய்க்கு ஆயர் இசைவளிக்கலாம், அதுவும் கூடியவரை தாவர எண்ணெயாக இருக்கவேண்டும் என்றது. முதல் உலகப் போரில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1916இல் உரோமை கடைசி வழியாக மின்விளக்குக்கும் இடம் கொடுத்தது. இன்றைய திருப்பலி நூலின் பொது விதிகளில் 316ஆம் பத்தி மறுபடியும் எண்ணெயையோ மெழுகையோதான் சொல்கிறது. நெருக்கடியில் மின்சாரம் ஏற்கப்பட்டது என்பதும், நெருக்கடி தீர்ந்தபின் சுடரே விரும்பப்பட்டது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. மின்சாரம் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. எரிந்து குறையும் பொருளைக் கொடுப்பதிலுள்ள காணிக்கைத் தன்மை மின்குமிழில் மங்கிவிடுகிறது என்பதே உள்ளே நிற்கும் எண்ணம்.

வழிபாட்டு வெளிச்சத்தை மூடிய இடத்துக்குள் வைப்பது மன்னார்க் கத்தோலிக்கருக்குப் புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. மாந்தையிலிருந்த மாதா சுருவம் 1670 அளவில் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு மடுவில் நிலைத்தது. 1687இல் இலங்கை வந்த யோசேப் வாஸ் அடிகள் இரவுகளில் வீடுகளுக்குள் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றியவர். சுடரின் வெளிச்சம் வெளியே தெரிந்தால் பிடிபடக்கூடிய காலம் அது. அந்நாளில் விளக்கை ஏற்றுவதற்கு எண்ணெயோடு துணிவும் வேண்டியிருந்தது.

ஏற்றுபவர் அருகில் இல்லாமலே எரியும் விளக்கு என்ற ஏற்பாடு மின்சாரத்துக்கு மிக முந்தியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுக்கும் வழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடுகளைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடும் சாவும் குட்டிகளால் ஈடாகி மந்தை குறையாது என்று கொண்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்லில் வெட்டினார்கள். மன்னாருக்கு எதிரே உள்ள மாதோட்டத்திலும் இந்த மரபு வந்து சேர்ந்தது. இராசராசபுரம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த அந்தத் துறைமுகத்தில் தாழிகுமரன் என்பவர் இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எழுப்பி அதன் பூசைக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுச் சொல்கிறது. கொடுத்தவர் இறந்து தலைமுறைகள் கழிந்தும் விளக்கு எரியும்; புண்ணியமும் அவருக்கே என்பதில் அக்காலத்தவருக்கு ஐயமில்லை. அப்படியானால், பட்டியை வாங்கி ஒட்டிய வீட்டுக்காரருக்கும் ஒவ்வொரு முறை அது எரியும்போதும் பங்கு உண்டென்று வாதிடலாம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அறக்கட்டளை மனிதர் கைகளாலேயே ஓடியது: மேய்ப்பவர், கறப்பவர், நெய் அளப்பவர், திரியைத் தூண்டுபவர். கொடுத்தவரின் ஓர் எண்ணம் பல பேரின் அன்றாட வேலையாகத் தொடர்ந்தது. பட்டியில் அந்த வேலை முழுவதையும் காந்தம் எடுத்துக்கொள்கிறது.

சைவ மரபில் இதைவிடக் கடினமான ஒரு கதை உண்டு. மன்னாருக்கு வடக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது திருமறைக்காடு. வேதாரணியம் விளக்கழகு என்று ஊரே சொல்லும் தலம். அங்கே சந்நிதி விளக்கு மங்கிக்கொண்டிருந்தபோது நெய் குடிக்க வந்த எலி ஒன்றின் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பட்டது, சுடர் நிமிர்ந்தது. சூடு பட்ட எலி ஓடிவிட்டது. அதற்காக அந்த எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது தலவரலாறு. எலிக்குப் பக்தி இல்லை, நோக்கம் இல்லை. பசி மட்டுமே இருந்தது. இப்படி அறியாமல் செய்த நற்செயலை அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்றும், அறிந்து செய்வதைப் புத்திபூர்வம் என்றும் சைவ சித்தாந்தம் பிரிக்கிறது. அறியாமல் செய்ததும் வீணாவதில்லை; அதுவே அறிந்து செய்யும் நிலைக்கு உயிரை ஏற்றிவிடும் முதற்படி. பெரியபுராணத்து நாயன்மார் இந்த ஏணியின் மறு நுனியில் நிற்கிறார்கள். கணம்புல்லர் விற்பனையாகாத புல்லையே திரியாக எரித்து, அதுவும் போதாதபோது தம் தலைமயிரை விளக்கில் மடுத்தார். எண்ணெய் வாணிபக் குலத்துக் கலியர் பொருள் தீர்ந்து, கூலியும் கிடைக்காமற்போனபின் குருதியால் அகலை நிரப்பத் துணிந்தார்.

யூதச் சட்டம் இதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்தித்தது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது யாத்திராகமத்தின் கட்டளை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. திறப்பவருக்கு வேண்டியது உணவு, வெளிச்சமல்ல. ஆனாலும் தவிர்க்கமுடியாமல் விளையப்போவதை அறிந்தே செய்தால் அது செய்பவரின் செயலாகவே கொள்ளப்படும் என்று யூத அறிஞர் பலர் தீர்த்தார்கள். எனவே ஓய்வுநாளுக்கு முன்னரே மின்குமிழைக் கழற்றிவிடுவது வழக்கமாயிற்று. பழைய குமிழின் சூடேறிச் சிவக்கும் இழையை நெருப்பாகக் கருதியவர்கள், இழையே இல்லாத எல்.ஈ.டி.யை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்றும் ஆராய்கிறார்கள். எரிப்பதற்கு இசைவு மட்டும் இல்லை. திருமறைக்காட்டில் நினையாமல் தூண்டியது புண்ணியமாயிற்று. யூதச் சட்டத்தில் நினையாமல் எரிந்தது மீறலாகிறது. இரண்டு மரபும் ஒன்றில் உடன்படுகின்றன: எரிந்த விளக்குக்குப் பொறுப்பான ஓர் உயிர் எங்கோ உண்டு. காந்தத்துக்கும் சென்சருக்கும் வினை இல்லை, பயனும் இல்லை. சித்தாந்தம் சொல்லும் முக்காரணத்தில் கருவி துணைக்காரணம் மட்டுமே. குடம் செய்த பெருமை சக்கரத்துக்குப் போவதில்லை. ஆகவே கதவைத் திறக்கும் கையே விளக்கேற்றிய கை. அந்தக் கை வணங்கத் திறந்ததா, மேல்தட்டிலுள்ள சாவியை எடுக்கத் திறந்ததா என்பதைப் பொறுத்தே செயலின் தரம் அமைகிறது. சாவிக்காகத் திறந்து, ஒளியில் முகத்தைக் கண்டு ஒரு கணம் கைகூப்பியவரும் எலியின் வரிசையிலாவது சேர்ந்துவிடுகிறார். அதைச் சிறுமை என்று தள்ள இந்த மரபில் இடமில்லை.

ஒளி இருந்தாலே காட்சி கிடைத்துவிடாது என்பதும் சித்தாந்தத்தின் ஆழமான இடம். கண்ணுக்குப் பொருளைக் காட்ட ஒளி வேண்டும். ஒளியோடு உயிரும் கூடி நின்று கண்டால்தான் கண் காணும். இறைவன் உயிருக்குக் காட்டியும், அதனோடு நின்று கண்டும் உதவுகிறான் என்று சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பா இதை உவமையாக்கிக் கொள்கிறது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இருட்டையும் ஆணவத்தையும் ஒப்பிட்டு, இருள் மற்றப் பொருளை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும், ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார். கூட்டுக்குள் இருக்கும் இருட்டுக்கு 12 வோல்ட் போதும். மற்ற இருட்டு கதவின் வெளிப்பக்கத்தில் நிற்கிறது.

மன்னாருக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு பக்கமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு மெல்லிய திரியை நிறுத்தி எரித்தார்கள். பிள்ளைகள் படித்ததும் சுவாமிப் படம் தெரிந்ததும் அந்த வெளிச்சத்தில்தான். 2022இல் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தபோது பட்டிகள் இருண்டு அகல்கள் மீண்டன. இப்போது தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. மொத்தத் திறன் 103.5 மெகாவாட். மேலும் கோபுரங்கள் வேண்டாம் என்று 2025இல் தீவு மக்கள் வீதியில் இருந்து போராடினார்கள். வெள்ளநீர் வடியும் வழி, மீன்பிடி, வலசை வரும் பறவைகள் என்பன அவர்களுடைய கவலை. பிறருக்கு நோவு தராமல் தேடிய பொருளே காணிக்கைக்கு உரியது என்று கொள்ளும் மரபில், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் வழிபாட்டுக் கேள்விதான். காணிக்கைப் பொருளில் பார்க்கும் அந்தக் கணக்கை மின்கட்டணம் கட்டும்போதும் பார்க்கலாம்.

வீட்டளவில் தீர்வு எளிது. மரக்கூட்டுக்குள் சுடர் வைப்பது தீ விபத்துக்கு வழி. புகையும் படங்களைக் கறுப்பாக்கும். உள்ளே பார்ப்பதற்குப் பட்டி இருக்கலாம். கதவுக்கு வெளியே, காற்றுப் படாத பக்கத்தில், அந்தியில் ஓர் அகலோ மெழுகுதிரியோ கையால் ஏற்றப்பட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை என்பது தெரிந்திருந்தால் ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கும் தேவை வராது. பட்டிக்கு மின்கலம் பொருத்தியிருந்தால் கரண்ட் போன நேரத்திலும் கூடு திறக்கும்போது முகம் தெரியும். அகலுக்கு அந்தக் கவலையும் இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஏற்றலாம்.