எந்த ஊர் நம் ஊர்?

ரயிலில் எதிரே வந்து உட்காருகிறவரிடம் நாம் முதலில் விசாரிப்பது பெயரை அல்ல, ஊரை. "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகும் நமக்குத் திருப்தி உண்டாவதில்லை. "அது சரி, சொந்த ஊர் எது?" என்று இன்னொரு கேள்வி வரும். இருக்கிற ஊர் வேறு, சொந்த ஊர் வேறு என்பதில் நமக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. எல்லா ஊரும் நம் ஊரே என்று பாடிய சங்கப் புலவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணியன் பூங்குன்றனார் என்றுதான் அவரை அறிகிறோம். பூங்குன்றம் என்பது அவருடைய ஊர். இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அது என்கிறார்கள். உலகம் முழுவதையும் தம் ஊராக்கிக்கொண்ட மனிதரை அவருடைய ஊர் விட்டுவிடவில்லை!

சொந்த ஊர் என்பதுதான் என்ன? பிறந்த மண்ணா? வீடு நிற்கிற இடமா? சோறு போடுகிற இடமா? இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் என் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது 2018-ஆம் வருஷம் ஆனி மாதத்தில். என் மனைவிக்கு உத்தியோகத்தில் கும்பகோணத்திலிருந்து மதுரைக்கு மாற்றல் ஆயிற்று. எழுதுகிறவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான் என்பது எங்கள் வீட்டில் ஏகமனதான அபிப்பிராயம். ஆகவே என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருந்தது என் அம்மாவை. எழுபத்திரண்டு வயது வரையில் காவிரியை விட்டு அரை மைல் தூரம் தள்ளிக் குடியிருந்து அறியாதவள். அவள் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டை விற்கவும் சம்மதிக்கவில்லை, வாடகைக்கு விடவும் சம்மதிக்கவில்லை. பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

மதுரையில் ஜாகை தேடும்போது, "எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்து நிற்பதைக் கண்டேன். ஊரைச் சொன்னால் அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் அவர்களுக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும். எங்களுக்கு வீடு காட்டிய தரகர், சில நாளைக்கு முன்பு வேறொரு பேட்டையில் வாடகை பேசி முடித்த ஒரு வாலிபருக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டதைப் பேச்சு வாக்கில் சொன்னார். காரணத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பையன் வெளியூரா?" என்று கேட்டேன். "இல்லை சார், பொறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான்" என்றார். இதற்கு மறுபடியும் வருகிறேன்.

வந்த முதல் வசந்தம் குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பங்குனி பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீட்டில் தங்கியதில்லை. கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையில் ஏறினோம். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு இறங்கி, தாமரைக் குளத்தின் கரையில், ஐயனார் கோவில் ஆலமர நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். இன்னொரு வாரம் அழகர் மலை. நூபுர கங்கையில் குளியல். குரங்குகளிடம் வாழைப்பழச் சீப்பைப் பறிகொடுத்தல். சாயங்கால வேளைகளில் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. புது ஊரைச் சுற்றிப் பார்ப்பதைப்போல் சுலபமான சந்தோஷம் வேறொன்று இல்லை. ஊர் நம்மை ஒன்றும் கேட்பதில்லை. நாமும் அதற்கு ஒன்றும் தருவதில்லை. காசு கொடுத்து ஜிகர்தண்டா வாங்கிக் குடிக்கிறோம், கணக்குத் தீர்ந்துபோகிறது.

அம்மா எல்லா இடத்துக்கும் வந்தாள். எல்லா இடத்தையும் கும்பகோணத்தோடு ஒப்பிட்டாள். அவளுக்குப் பெரிய மனத்தாங்கல் வைகைதான். பாலத்தின் மேல் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். "ஆறுன்னா அதுல தண்ணி வேண்டாமாடா?" என்பாள். அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்து தண்ணீர் விடுவார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். வைகை அணை 1959-இல் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "சாமி குளிக்கக்கூட உத்தரவு வாங்கிண்டுதான் தண்ணி விடணுமா?" என்று கேட்டாள். இதற்கு எந்த இஞ்சினீயராலும் பதில் சொல்ல முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் சித்திரைத் திருவிழா வந்தது. மதுரைக்காரர்கள் இந்த விழாவை ஆதியிலிருந்தே தங்கள் ஊரோடு பிறந்ததாகத்தான் பேசுவார்கள். உண்மையில் இந்த விழாவே குடிபெயர்ந்து வந்தது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்ததாகவும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தாம் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் வருகையோடு சேர்த்து வைத்ததாகவும் சொல்கிறார்கள். அதனால்தான் சித்திரைத் தேர் இன்றைக்கும் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதிகளில் ஓடுகிறது. அழகரும் அதற்கு முன்னால் மதுரைக்கு வந்தவர் அல்லர், தேனூருக்குப் போனவர். அவர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிற மண்டபம் வண்டியூர்ப் பக்கம் வைகையில் நின்றாலும் அதற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். புது ஊருக்கு வந்து நானூறு வருஷம் ஆகப்போகிறது. பழைய ஊரின் பெயரை மட்டும் விடவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சாவி முடிந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஜனங்கள் சொல்லும் கதை இதைவிட ருசியானது. தங்கையின் கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அழகர் வைகைக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதாம். அண்ணனுக்குக் கோபம். ஊருக்குள் காலே வைக்காமல் ஆற்றோடு வண்டியூர் பக்கம் திரும்பிவிடுகிறார். இருபது கிலோமீட்டர் தூரம் நடந்து வருகிறவரை வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நிறுத்தி உபசரிக்கிறார்கள். அவ்வளவு உபசாரத்துக்கும் பிறகு அவர் விருந்தாளியாகவே வந்து விருந்தாளியாகவே மலைக்குத் திரும்புகிறார். விருந்தாளிக்குக் கோபித்துக்கொள்ள உரிமை உண்டு. கோபித்துக்கொண்டு திரும்பிப் போக அவருக்கு ஒரு மலையும் இருக்கிறது.

எங்களுடைய முதல் சித்திரையான 2019-இல் வேடிக்கையான ஒரு பொருத்தம் நேர்ந்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தல். அன்றைக்கே மதுரையில் தேர். மற்ற இடங்களில் மாலை 6 மணிக்கு முடிந்த வாக்குப்பதிவு மதுரையில் மட்டும் 8 மணி வரையில் நீடித்தது. காலையில் தேர் பார்த்துவிட்டு, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தோம். எங்கள் பெயர்கள் மதுரை ஜாபிதாவுக்கு மாறியிருந்தன. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. "வீடு அங்கேதானேடா இருக்கு?" என்றாள். ஆனால் 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவளுடைய வாதத்தை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் சாதாரணமாக வசிப்பவராகிவிட மாட்டார் என்கிறது அது. சட்டம் சாவியைப் பார்ப்பதில்லை. அடுப்பு எங்கே எரிகிறதென்று பார்க்கிறது. நியாயம்தான். ஆனாலும் அடுப்பு எரிகிற இடமெல்லாம் ஊராகிவிடுமானால் மனிதனுக்கு இத்தனை ஏக்கம் எதற்கு?

எனக்குக் கிடைத்த பதிலின் ஒரு துண்டு எங்கள் தெருமுனை நீர்மோர்ப் பந்தலிலிருந்து வந்தது. அழகர் இறங்குவதற்கு நான்கு நாள் முன்னால் எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரர் வந்தார். நன்கொடைக்கு என்று நினைத்து என் மனைவி ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை. "பணம் யாரு வேணா கொடுப்பாகக்கா. விடியக்காலம் மூணு மணிக்கு மோர் கரைக்க ஆள் வேணும். பாட்டிய அனுப்புவீகளா?" என்றார். எனக்குக் கொஞ்சம் துணுக்கென்றது. எழுபத்திரண்டு வயதுக் கிழவியை! அம்மா உள்ளேயிருந்து, "எத்தனை லிட்டர் தயிர்?" என்று கேட்டாள்.

அவள் மோரோடு நிற்கவில்லை, பானகத்தையும் எடுத்துக்கொண்டாள். சுக்கும் ஏலமும் கும்பகோணத்து அளவில் விழுந்தன. "என்ன அப்பத்தா, கசாயமா வச்சிருக்க?" என்று ஒரு பையன் கத்தினான். இன்னொரு பெண்பிள்ளை, மோரில் உப்புக் கூடிவிட்டதென்று நேருக்கு நேரே சொல்லி, அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பத்து மாதமாக அந்தத் தெருவில் எல்லோரும் அம்மாவிடம் மரியாதையாகத்தான் பேசியிருந்தார்கள். ஒருவர்கூட ஒரு குற்றம் சொன்னதில்லை. வெயில் ஏறி வீடு திரும்பிய அம்மா அரைமணி நேரம் அந்தப் பெண்ணை வைதுகொண்டிருந்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் அத்தனை உற்சாகமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. விருந்தாளியை யாரும் குற்றம் சொல்வதில்லை. உப்புக் கூடிப் போயிற்று என்று சொல்லத்தக்கவளாக ஆவதற்கு அவளுக்குப் பத்து மாதம் பிடித்தது.

இதைப் பெரிய தத்துவமாக்கிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வாலிபர் குறுக்கே நிற்கிறார். பிறந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு கிடைக்காத வாலிபர். அவரை எந்தப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள்? எங்களுக்குக் கதவு இவ்வளவு சுலபமாகத் திறந்ததென்றால் அது எங்கள் குணத்தினாலோ மதுரையின் குணத்தினாலோ மட்டும் அல்ல. இதே ஊரில் மீனாட்சி கோவிலுக்குக் காசியிலிருந்து வந்த முன்பின் தெரியாதவர் நுழையலாம், கோபுர நிழலில் பிறந்தவர் நுழையக் கூடாது என்று இருந்த காலம் உண்டு. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோரை அழைத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அது உடைந்தது. ஊர், சேரி என்று நாம் பிரித்துச் சொல்லிப் பழகியிருக்கிறோமே, அந்தப் பேச்சில் 'ஊர்' என்ற சொல்லே சிலரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. பிறப்பு ஒருவனுக்கு ஊரைக் கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதே சமயம், ஊர் மனம் வைத்தால் எத்தனை தாராளமாக இருக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. எட்டயபுரத்துப் பாரதி 1904-இல் சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக வேலை பார்த்தது சுமார் மூன்றே மாதம். மதுரை அவரைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டிருக்கிறது! மூன்று மாதச் சம்பளக் கணக்கைப் பார்த்திருந்தால் இது நடக்குமா?

2020-இல் கொரோனா வந்தது. அந்த வருஷம் மே 4-ஆம் தேதி, வாசலில் கூட்டமே இல்லாமல், சில பட்டர்கள் மட்டும் நின்று திருக்கல்யாணத்தை நடத்தினார்கள். என் மனைவி டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்து தாலிச் சரடு மாற்றிக்கொண்டாள். அழகர் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வைகைக்கு வரவே இல்லை. சித்ரா பௌர்ணமி இரவு அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சித்திரைதான் அவள் அந்த விழாவைப் பார்த்திருந்தாள். மூன்று மணிக்கு எழுந்து ஒரு குடம் பானகம் கரைத்தாள். குடிப்பதற்கு யார் இருக்கிறார்கள்? சுற்றுச்சுவர் மேல் டம்ளர் டம்ளராக வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் பார்த்தபோது டம்ளர்கள் காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எதிர்வீட்டு மாடியிலிருந்து அந்த உப்புக்காரப் பெண்ணின் குரல் மட்டும் வந்தது: "இந்த வருசமும் சுக்கு சாஸ்திதான், பாட்டி!"

கும்பகோணத்து வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. சாவியும் முந்தானையில்தான் இருக்கிறது. புது ஊர் வந்தால் பழைய ஊர் போய்விட வேண்டுமென்று சட்டம் சொல்லலாம், அழகர் சொல்லவில்லை.

எங்கள் தெருமுனையில் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவலாக மூன்று வருஷமாக ஒருவர் இருக்கிறார். ஒடிசாக்காரர். பந்தலுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குகிறவர் அவர்தான். தூக்கச் சொல்கிறோம், தூக்குகிறார், ஐம்பது ரூபாய் கொடுக்கிறோம். ஊர் எதுவென்று கேட்டால் ஒடிசா என்பார். அதற்குள் இருக்கும் தம் கிராமத்தின் பெயரை அவர் சொல்வதில்லை, கேட்டவரும் இல்லை. சென்ற சித்திரையில் அம்மா மோர்ப் பானைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகத் திரும்பியவரை நிறுத்தினாள். அவளுக்கு ஹிந்தியும் தெரியாது, ஒரியாவும் தெரியாது.

"ஒடிசா சரிடா. அதுல எந்த ஊரு?"

அவர் சொன்னார். அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை அவள் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டு, கரண்டியில் கொஞ்சம் மோரை எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டு, உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அவர் ருசி பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, போதாது என்று தலையை ஆட்டினார்.